14 வெற்றியிலிருந்து 44 வெற்றி: முதல் சுற்றில் தோற்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் பருவத்தைத் திருப்புமுனை என்று சொல்லலாமா?

காட்பாடிக் களம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காட்பாடியில் ஒரு பழைய சிமென்ட் களத்தில், எங்கள் பகுதி இளைஞர்கள் பன்னிரண்டு பேருக்கு மாலை வேளைகளில் கூடைப்பந்துப் பயிற்சி நடத்தி வருகிறேன். நான் முறையாகப் படித்த கோச் அல்ல. வேலை முடிந்து வந்து விசிலை எடுத்துக்கொள்பவன், அவ்வளவுதான். சென்ற ஆண்டு கலந்துகொண்ட மூன்று போட்டிகளிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிய அணி எங்களுடையது. அதனாலோ என்னவோ, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இந்த 2024-25 பருவம் முழுக்க நான் பின்தொடர்ந்த ஒரே அணி டெட்ராய்ட் பிஸ்டன்ஸ்.

2023-24 பருவத்தில் அவர்கள் 82 ஆட்டங்களில் 14-ஐ மட்டுமே வென்றார்கள். அந்த அணியின் வரலாற்றிலேயே அதைவிட மோசமான பருவம் கிடையாது. நடுவில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றார்கள். ஒரே பருவத்துக்குள் அத்தனை ஆட்டங்களை வரிசையாகத் தோற்ற அணி அதற்கு முன் இருந்ததில்லை. அதே அணி 2024-25-இல் 44 வெற்றி, 38 தோல்வி என்று முடித்து, கிழக்குப் பிரிவில் ஆறாம் இடம் பிடித்து, 2019-க்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்றுகளில், நுழைந்தது. வெற்றிகளின் எண்ணிக்கையை ஒரே ஆண்டில் மும்மடங்காக்கிய முதல் என்.பி.ஏ. அணி இதுதான்.

2025 மே 2-ஆம் தேதி விடிகாலையில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு பேர் ஒரே கைப்பேசியில் பார்த்தோம். 116-113 என்று பிஸ்டன்ஸ் தோற்று, முதலில் நான்கு ஆட்டங்களை வெல்பவருக்கான அந்த முதல் சுற்றுத் தொடர் 4-2 என முடிந்தது. கைப்பேசியை அணைத்த உடனேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. "முதல் சுற்றில் தோற்ற அணிக்கு எதற்கு இத்தனை பாராட்டு?" என்று எங்கள் அணியில் சென்டராக, அதாவது வளையத்தடியில், ஆடும் தம்பி கேட்டான். "பதினான்கில் கிடந்தவர்கள் இங்கே வந்து நின்றதே பெரிது" என்றான் இன்னொருவன். பொழுது விடிந்து, வெயில் ஏறி, இட்லி தீர்ந்த பிறகும் அது தீரவில்லை.

என் கேள்வி இரண்டு. ஏறக்குறைய அதே இளைஞர்களை வைத்துக்கொண்டு 30 வெற்றிகளை எப்படிக் கூடுதலாகப் பெற்றார்கள்? அந்தத் தம்பி கேட்டதற்கு என்ன பதில்?

---

பாலாற்றங்கரை

உங்கள் முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை: களத்தில் இடம் கிடைத்தது. விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால் 2023-24-இன் ஏதாவது ஒரு தோல்வியை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பருவத்தில் பிஸ்டன்ஸின் முதன்மை ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் பந்தோடு வளையத்தை நோக்கி நுழையும்போதெல்லாம், எதிரணியில் இரண்டு பேராவது தாங்கள் காவல் காக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றிருப்பார்கள். வெளியே நிற்பவரிடம் பந்து போனாலும் அவர் மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து (அதற்கு வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி) போடமாட்டார் என்ற தைரியம்தான் காரணம். கன்னிங்ஹாம், லீக் அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2021 தேர்வில் முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர். கண்ணும் கையும் அப்போதும் இதே தரம்தான். ஆனால் எவ்வளவு நன்றாக ஓட்டுபவரானாலும் வேலூர் லாங்கு பஜாரில் சனிக்கிழமை மாலை வண்டி ஓட்டினால் எவ்வளவு வேகம் போக முடியும்?

2024 கோடையில் நிர்வாகப் பொறுப்புக்கு ட்ரேஜன் லாங்டன் வந்தார். அவர் பெரிய நட்சத்திரம் எவரையும் தேடிப் போகவில்லை. டோபயாஸ் ஹாரிஸ், டிம் ஹார்டவே ஜூனியர், மாலிக் பீஸ்லி என்று மூன்று அனுபவசாலிகளை எடுத்தார். மூவரும் கோட்டுக்கு வெளியே நின்றாலே எதிரணி ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தியாக வேண்டும். இதில் பீஸ்லியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஓராண்டுக்கு 60 லட்சம் டாலர் என்ற, அந்த லீக்கின் அளவில் மலிவான ஒப்பந்தத்தில் வந்தவர், 82 ஆட்டங்களிலும் ஆடி 319 மூன்று புள்ளிக் கூடைகளைப் போட்டார். பிஸ்டன்ஸ் வரலாற்றில் ஒரு பருவத்தில் அதற்கு மேல் போட்டவர் இல்லை. அந்த ஆண்டு லீக் முழுவதிலும் அவரைவிட ஒன்று கூடுதலாக, 320 போட்டவர் மினசோட்டாவின் ஆண்டனி எட்வர்ட்ஸ் ஒருவர்தான். இத்தனையையும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக, பெஞ்சிலிருந்து எழுந்து வந்து செய்தார்.

விளைவு கன்னிங்ஹாமின் கணக்கில் தெரிந்தது: ஆட்டத்துக்குச் சராசரியாக 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (சக ஆட்டக்காரரின் கூடையாக முடியும் பாஸ்), லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதன்முறையாகத் தேர்வு. அந்த 9.1-ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அசிஸ்ட் என்பது பாதி கொடுப்பவருடையது, மீதிப் பாதி வாங்கிப் போடுபவருடையது. பக்கத்தில் நிற்பவர் தவறவிட்டால், மிகச் சிறந்த பாஸும் கணக்கேட்டில் ஏறாமலே போய்விடும்.

நண்பர் "அதே இளைஞர்கள்" என்று எழுதியிருக்கிறார். அதில் ஒரு பெரிய குறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு 17 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஜேடன் ஐவி, 2025 ஜனவரி 1 அன்று ஆர்லாண்டோவுடன் நடந்த ஆட்டத்தில் இடது கால் எலும்பு முறிந்து, பருவத்தின் மீதியை இழந்தார். பந்தைக் கொண்டுசெல்லத் தெரிந்த இரண்டாவது ஆள் இல்லாமல் போன அந்தப் பள்ளத்தை, பிப்ரவரியில் டென்னிஸ் ஷ்ரோடரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். பிளேஆஃபின் இரண்டாவது ஆட்டத்தில் அதற்குப் பலன் கிடைத்தது: கடைசி நிமிடத்தில் சமநிலையை உடைத்த மூன்று புள்ளிக் கூடை ஷ்ரோடருடையது.

---

ஆற்காட்டு மாஸ்டர்

பாலாற்றங்கரைத் தம்பி எழுதியது சரிதான், ஆனால் பாதிதான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: கூடை விழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், விழாமல் தடுத்ததை யாரும் எழுதி வைப்பதில்லை.

முந்தைய பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் நடுவில் கோச் மாறினார். மான்டி வில்லியம்ஸ் 6 ஆண்டுக்கு 7.85 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்யப்பட்டவர். ஒரே பருவத்தில் அனுப்பப்பட்டார். வந்தவர் ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப். அவரும் கிளீவ்லேண்ட் அணியால் சில வாரங்களுக்கு முன்புதான் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். 2024-25 பருவத்தின் சிறந்த கோச் விருது கிளீவ்லேண்டில் அவருடைய இடத்துக்கு வந்த கென்னி அட்கின்சனுக்குப் போனது. வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிக்கர்ஸ்டாஃபுக்கு. தன்னை வெளியே அனுப்பிய வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடிவந்து, கோலமும் போட்டுக் காட்டியிருக்கிறார் மனிதர்.

அவர் செய்த முதல் வேலை, இளைஞர்களிடம் இருந்த உடல் வலுவைத் தடுப்பாட்டமாக மாற்றியது. பிஸ்டன்ஸின் ஆசார் தாம்ப்சனை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய பருவத்தில் இரத்தக்கட்டியால் மார்ச் மாதத்தோடு ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்த இளைஞர். நவம்பரில்தான் மீண்டும் களமிறங்கினார். மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து இன்றும் நம்பிப் போடத் தெரியாது. அப்படிப்பட்டவரை முந்தைய அணியில் நிறுத்தினால் இன்னொரு ஆள் உள்ளே வந்து அடைத்துக்கொள்வார். ஹார்டவேயும் ஹாரிஸும் வெளியே நிற்கும்போது அவரைத் துணிந்து நிறுத்தலாம், எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரர் பின்னால் அவரை அனுப்பலாம். ஆக, வெளியிலிருந்து போடுபவர்களை வாங்கியதால் தடுப்பாட்டம் உயர்ந்தது. தம்பி எழுதியதும் நான் எழுதுவதும் இந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

இப்போது உங்கள் சென்டர் பையன் கேட்ட கேள்வி. அவன் பக்கத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இந்தத் தொடரில் பிஸ்டன்ஸ் சொந்தக் களத்தில் ஆடிய மூன்று ஆட்டங்களையும் தோற்றார்கள்: மூன்றாவது ஆட்டம் 118-116, நான்காவது 94-93, ஆறாவது 116-113. இரண்டு, ஒன்று, மூன்று புள்ளி வித்தியாசம். நூறு ஆண்டு ஆடினாலும் இதைத் துரதிர்ஷ்டம் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன். முதல் ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் நிக்ஸை 21 புள்ளிகள் வரிசையாக எடுக்கவிட்டார்கள். அந்த 21 புள்ளிக்கும் பதிலுக்கு ஒரு ஃப்ரீ த்ரோகூட (ஃபவுலுக்காகக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஒரு புள்ளி எறிதல்) இல்லை. கடைசி ஆட்டத்தில் 112-105 என்று முன்னிலையில் இருந்தவர்கள், மீதமிருந்த இரண்டு மூன்று நிமிடங்களில் ஒரே ஒரு புள்ளி எடுத்து 11-ஐக் கொடுத்தார்கள். கன்னிங்ஹாமும் பருவம் முழுக்க ஆட்டத்துக்கு நான்கு முறைக்கு மேல் பந்தை எதிரணியிடம் இழந்தவர்தான். எல்லாப் பந்தும் ஒருவர் கையில் இருக்கும் அணியில் கடைசி நிமிடக் களைப்பும் அவர் ஒருவர் மேல்தான் விழும்.

எதிர்ப்பக்கத்தில், நிக்ஸ் அணியில், இருந்தவர் ஜேலன் பிரன்சன். இக்கட்டான நேரத்தில் சிறப்பாக ஆடுபவருக்கு லீக் வழங்கும் விருதை இந்த ஆண்டு வாங்கியவர். ஆறாவது ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்தார். 113-113 என்று நிற்கும்போது, தாம்ப்சன் முன்னால் நிற்க, பந்தை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் இழுத்து, அவரைப் பின்னோக்கிச் சாயவைத்து, 4.3 விநாடி மிச்சம் இருக்கையில் மூன்று புள்ளியைப் போட்டார். அந்த ஒரு அசைவை நான் பத்து முறையாவது நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தாம்ப்சன் ஏமாந்தது இடுப்பைப் பார்க்காமல் பந்தைப் பார்த்ததால். உங்கள் பையன்களுக்குக் காட்டுங்கள்.

---

குடியாத்தம் பதினொன்றாம் எண்

மாஸ்டருக்கு வணக்கம். கல்லூரி அணியில் ஆறு ஆண்டு ஆடியவள், இப்போது ஒரு பெண்கள் அணிக்கு மேலாளராக இருக்கிறேன். துரதிர்ஷ்டம் இல்லை என்று நீங்கள் சொன்னதில் மட்டும் எனக்கு ஒரு சிறு மாற்றுக் கருத்து உண்டு.

2024 டிசம்பர் 26 அன்று சாக்ரமென்டோவுடன் நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? மூன்று புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், கடைசி விநாடிகளில் ஐவி மூன்று புள்ளிக் கூடையைப் போட, அவர் மேல் மோதியதற்காக டி'ஆரன் ஃபாக்ஸ் மீது ஃபவுல் கொடுக்கப்பட்டது. அந்த ஒரு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 114-113 என்று வென்றார்கள். முந்தைய பருவம் முழுவதும் பெற்ற 14 வெற்றிகளை ஆண்டு முடிவதற்குள்ளேயே எட்டிவிட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, நிக்ஸுடன் நான்காவது ஆட்டம். 94-93 என்று பின்தங்கியிருக்கிறார்கள். மூலையிலிருந்து ஹார்டவே மூன்று புள்ளிக்குப் போடும்போது நிக்ஸின் ஜாஷ் ஹார்ட் அவர் மேல் மோதுகிறார். விசில் ஊதப்படவில்லை, ஆட்டம் முடிந்தது. பிறகு காணொளியைப் பார்த்த தலைமை நடுவர், அது ஃபவுல்தான், கொடுத்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். கொடுத்திருந்தால் ஹார்டவேக்கு மூன்று ஃப்ரீ த்ரோ கிடைத்திருக்கும். இரண்டு விழுந்திருந்தாலே தொடர் 2-2. ஏறக்குறைய ஒரே மாதிரியான மோதல். ஒரு முறை விசில் வந்தது, ஒரு புள்ளியில் வென்றார்கள். ஒரு முறை வரவில்லை, ஒரு புள்ளியில் தோற்றார்கள். நான் நடுவரைக் குறை சொல்லவில்லை. விளையாட்டு மைதானத்தில் நின்று ஊதியவளுக்குத்தான் அந்த அரை விநாடியின் கஷ்டம் தெரியும். ஆனால் ஆறு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தேன். நிக்ஸ் 648, பிஸ்டன்ஸ் 640. கிழக்கில் மூன்றாம் இடம் பிடித்து, 51 ஆட்டங்களை வென்ற அணிக்கும் இவர்களுக்கும் இடையில் மொத்தமே எட்டுப் புள்ளி.

காட்பாடித் தம்பியின் சென்டருக்கு இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2008-இல் பாஸ்டனுடன் கடைசி இரண்டு ஆட்டம், 2009-இல் நான்கு, 2016-இல் நான்கு, 2019-இல் நான்கு, இந்த ஆண்டின் முதல் ஆட்டம் ஒன்று என்று, பிளேஆஃபில் வரிசையாக 15 ஆட்டங்களைத் தோற்றிருந்த அணி இது. இரண்டாவது ஆட்டத்தில், அதுவும் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கன்னிங்ஹாம் 33 புள்ளி எடுக்க 100-94 என்று வென்றபோதுதான் அது முடிந்தது. பதினேழு ஆண்டு வழக்கு அது. 3-1 என்று பின்தங்கிய நிலையில் அதே களத்துக்குத் திரும்பிப் போய், ஐந்தாவது ஆட்டத்தையும் 106-103 என்று வென்றார்கள். சென்ற ஆண்டு 28 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றவர்கள், தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆட்டத்தில், அடுத்தவர் ஊரில் அதைச் செய்தார்கள். என் கணக்கில் திருப்புமுனை அந்த ஐந்தாவது ஆட்டம். 44 என்ற எண் அல்ல.

---

ஆற்காட்டு மாஸ்டர்

ஐந்தாவது ஆட்டத்தை நான் விட்டுவிட்டேன். அது என் பிழைதான், அம்மா. 106-103-ஐ மறந்துவிட்டு 116-113-ஐ மட்டும் எழுதியிருக்கிறேன். தோல்வியே கண்ணில் நிற்கிறது, ஆசிரியர் புத்தி.

ஆனாலும் ஒன்று. ஆறாவது ஆட்டத்தில் பிரன்சன் போட்ட பிறகும் 4.3 விநாடி இருந்தது. சமன் செய்ய ஒரு மூன்று புள்ளி போதும். பருவம் முழுக்க 319 போட்ட பீஸ்லியிடம் பந்து வந்தது, கையில் நிற்காமல் கோட்டுக்கு வெளியே போனது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில் பந்து அவரிடம்தான் போக வேண்டும் என்று கோச் நினைத்தது முழுக்கச் சரி.

---

காட்பாடிக் களம்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை உங்கள் பதில்களைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். 640-648 என்ற இடத்தில் எங்கள் சென்டர் தலையைச் சொறிந்தான். தன் கருத்தை மாற்றிக்கொண்டதாக இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் ஆடுகிற இடமும் பிஸ்டன்ஸின் ஜேலன் டுரன் ஆடுகிற இடமும் ஒன்றுதான் என்பதால், இனி அந்த இளைஞரைப் பார்த்துக் குறிப்பெடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

வெளியிலிருந்து போடுபவர்களால் உள்ளே இடம் பிறக்கிறது என்று பாலாற்றங்கரை நண்பர் எழுதியதை உடனே செய்து பார்க்க நினைத்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் களத்தில் வளையத்துக்குக் கீழே இருக்கும் கட்டம் இன்னும் பழைய சரிவக வடிவத்தில் இருக்கிறது. மூன்று புள்ளிக் கோடும் 2010-க்கு முந்தைய 6.25 மீட்டர் கோடுதான், அதுவும் பாதி அழிந்துவிட்டது. எங்கள் பையன்கள் இத்தனை நாளாகப் பழகியது அரை மீட்டர் உள்ளே நின்று. போட்டிக்குப் போனால் ஏன் பந்து வளையத்துக்கு முன்பே விழுகிறது என்று இப்போது புரிகிறது. நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று நம் ஊரைச் சொல்லும் பட்டியலில், வலையில்லா வளையத்தையும் கோடில்லாக் களத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை புதிதாகக் கோடு போடப் போகிறோம். பெயின்ட் வாங்கியாயிற்று. வளைவை எங்கிருந்து அளப்பது?

---

ஆற்காட்டு மாஸ்டர்

கம்பத்திலிருந்து அளக்காதீர்கள், உங்கள் கம்பம் எப்படியும் சாய்ந்திருக்கும். வளையத்தின் நடு மையத்திலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். அது தரையைத் தொடும் புள்ளியில் ஒரு ஆணியை வைத்து, 6.75 மீட்டர் கயிற்றால் வளைவை இழுங்கள். அந்தப் புள்ளி, பின்கோட்டின் உட்புற ஓரத்திலிருந்து 1.575 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் வளையத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டு மூலைகளிலும் வளைவு வராது, பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் உள்ளே நேர்கோடாக வரும். ஹார்டவே நின்று போட்ட மூலை அதுதான். அங்கே கால் வைக்க எவ்வளவு குறைவான இடம் இருக்கிறது என்பதைக் கோடு போட்ட பிறகு பையன்கள் நின்று பார்க்கட்டும்.

அக்னி நட்சத்திரம் நடக்கிறது. ஆறு மணிக்கு முன்பே வந்து தொடங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் அந்தச் சிமென்டில் முழங்கால் வைக்க முடியாது. முப்பது மீட்டர் டேப் என்னிடம் இருக்கிறது, முதல் பேருந்தில் கொண்டுவருகிறேன்.